டப்பா நிறையக் காசு சேர்ந்துவிட்டது, இனி எந்தப் பக்கம்?

நாணயம் சேர்க்கத் தொடங்கிய எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே டப்பாதான் இருக்கிறது. பாட்டி கொடுத்த ஓட்டைக் காலணா இரண்டு, துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த திர்ஹாம், மளிகைக் கடையில் மீதிச் சில்லறையாக வந்த நினைவு நாணயங்கள், கண்காட்சிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்று வாங்கிய நேபாளக் காசு. ஆரம்பத்தில் எது கிடைத்தாலும் சந்தோஷமாக இருக்கும். கொஞ்ச காலம் போனால் டப்பாவைத் திறக்கவே அலுப்பாகிவிடும். காசு நிறைய இருக்கும், ஆனால் யாராவது வந்து 'என்ன சேர்க்கிறீர்கள்?' என்று கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் இருக்காது.

இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் விலை அதிகமான காசு வாங்கினால் ஆர்வம் திரும்பும் என்று நினைத்துக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். நான் சொல்லும் வழி எளிது. மனதுக்குப் பிடித்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் சொல்லும் காசுகளை மட்டும் தேடுங்கள். அப்படி ஒரு எல்லை வந்துவிட்டால் கண்காட்சியில் நூறு மேஜைகள் இருந்தாலும் தொண்ணூறைத் தாண்டிப் போய்விடலாம். புதியவருக்கு அதைவிடப் பெரிய சேமிப்பு கிடையாது.

முதலில் வாங்குவதை நிறுத்தி, இருப்பதைப் பிரியுங்கள்

ஒரு மாதம் எதையும் வாங்காதீர்கள். ஒரு துணியை விரித்து டப்பாவைக் கொட்டுங்கள். வெளிநாட்டுக் காசுகளை நாடுவாரியாகத் தனியே வையுங்கள். இந்தியக் காசுகளைக் காலவாரியாக ஐந்து குவியலாகப் பிரிக்கலாம்: 1835-க்கு முந்தையவை, 1835 முதல் 1947 வரை பிரிட்டிஷ் அரசர், அரசி தலை போட்டவை, 1950 முதல் 1957 வரை குடியரசின் அணாக் காசுகள், 1957 முதல் 1964 வரை நயா பைசா, அதற்குப் பிறகு வந்தவை எல்லாம். 1835 ஏன் எல்லைக்கோடு என்றால், அதுவரை வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாணங்கள் தனித்தனியாகக் காசு அடித்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டுதான் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது.

சமையலறையில் இருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ரூபாயும், 1950-இலிருந்து 1970-களின் தொடக்கம் வரை வந்த ரூபாயும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1975-க்குப் பிந்தைய செம்பு-நிக்கல் ரூபாய் ஒட்டாது. 1992-இல் வந்த துருப்பிடிக்காத எஃகு ரூபாய் மறுபடி ஒட்டும். வெள்ளி எந்தக் காலத்திலும் ஒட்டாது. 'பழைய வெள்ளி ரூபாய்' என்று யாரோ கொடுத்தது காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால், அந்தக் கதையை அங்கேயே முடித்துவிடலாம்.

அடுத்து ஆண்டுக்குக் கீழே பாருங்கள். பெரும்பாலான புதியவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். ஆண்டின் அடியில் எதுவும் இல்லையென்றால் அந்தக் காசு கொல்கத்தாவில் அடிக்கப்பட்டது. டைமண்ட் இருந்தால் மும்பை, ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், ஒற்றைப் புள்ளி இருந்தால் நொய்டா. பழைய ஹைதராபாத் காசுகளில் பிளந்த டைமண்ட், நடுவில் புள்ளி வைத்த டைமண்ட் போன்ற வடிவங்களும் உண்டு. நொய்டா நாணயச்சாலை 1988-இல்தான் தொடங்கியது. 1980-களில் சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் வெளிநாட்டு நாணயச்சாலைகளிலும் நம் காசுகளை அடித்து வாங்கினார்கள். 1985 ஒரு ரூபாயில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமில் அடித்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரே மாதிரி தெரிந்த ஒரு ரூபாய்க் காசுகள் இருபதும் நான்கைந்து வகையாகப் பிரிவதைப் பார்ப்பீர்கள். சாதாரணப் பூதக்கண்ணாடி போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் இருந்தால் இன்னும் நல்லது.

பிரித்ததை எழுதி வையுங்கள். நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ, எது வசதியோ அது. ஆண்டு, மதிப்பு, மின்ட் மார்க் (ஆண்டுக்குக் கீழே பார்த்த நாணயச்சாலைக் குறி), உலோகம், எடை, எங்கே எப்போது கிடைத்தது, கொடுத்த விலை. கடைசி இரண்டையும் இப்போது எழுதாவிட்டால் பிறகு நினைவிலிருந்து எடுக்கவே முடியாது. நியூமிஸ்டா என்ற இணையதளத்தில் இலவசமாகவே கணக்குத் தொடங்கி, படத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் காசுகளைப் பதிந்துகொள்ளலாம். எடை பார்க்க, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் முதலில் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான்.

எந்தக் குவியலைத் திரும்பத் திரும்பத் தொடுகிறீர்கள்?

பிரித்து முடிந்ததும் இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். கை எந்தக் குவியலுக்குப் போகிறது? சிலருக்கு ஆண்டு வரிசை முக்கியம். 1978 இருக்கிறது, 1979 இருக்கிறது, 1980 எங்கே என்று தேடும் வகை. சிலருக்குக் காசில் இருக்கும் மனிதர்தான் முக்கியம். சிலருக்கு ஊர். சிலருக்கு உலோகமும் தயாரிப்பும்: இது ஏன் ஓரத்தில் வரியோடு இருக்கிறது, அது ஏன் சதுரம் என்பது போன்ற கேள்விகள்.

விலை பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு 'எது ஏறும்?' என்று பார்ப்பவரும் உண்டு. அவருக்கு இந்தக் கட்டுரை உதவாது. காசு ஏறலாம், இறங்கலாம். புதியவர் முதலீடாக வாங்கும் காசு பெரும்பாலும் டீலருக்குத்தான் லாபம்.

முடிக்கக்கூடிய சில பாதைகள்

தொடக்கத்துக்கு ஏற்ற பாதைக்கு எண்ணக்கூடிய அளவு இருக்க வேண்டும். முதல் பாதி சுலபமாகவும் கடைசியில் ஒன்றிரண்டு கடினமாகவும் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். இதில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டாலும் சரி, இதை வைத்து உங்களுக்கென ஒன்றை வகுத்துக்கொண்டாலும் சரி.

மலிவிலேயே மிகச் சுவையானது நயா பைசா. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா பதின்மக் கணக்குக்கு மாறியது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அன்றிலிருந்து 100 பைசா. பழைய பைசாவோடு குழப்பிக்கொள்ளக்கூடாது என்றுதான் புதியதை 'நயா' என்றார்கள். காசிலேயே 'ரூபாயின் நூறில் ஒரு பங்கு', 'பத்தில் ஒரு பங்கு' என்று இந்தியில் விளக்கமும் பொறித்தார்கள். நாலணாவுக்கு 25 நயா பைசா, எட்டணாவுக்கு 50 என்பது எளிது. ஓரணாவுக்கு ஆறேகால் என்று வந்ததுதான் சிக்கல். கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் அந்தக் கால் பைசாவில் எத்தனை வாக்குவாதம் நடந்திருக்குமோ. 1964 ஜூன் 1 முதல் 'நயா' நீங்கி வெறும் பைசா ஆனது. ஆக, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், ஆறு மதிப்புகள்: 1, 2, 5, 10, 25, 50. இரண்டும் பத்தும் வளைவு வளைவான விளிம்பு, ஐந்து சதுரம், மற்றவை வட்டம். வகைக்கு ஒன்று என்றால் சில நூறு ரூபாய்க்குள் நல்ல தரத்திலேயே முடித்துவிடலாம். அதன் பிறகு ஆண்டுவாரியாக, பிறகு மின்ட்வாரியாக என்று விரித்துக்கொண்டே போகலாம்.

இதன் தொடர்ச்சியாக அலுமினியக் காசுகளும் அந்தக் காலத்தின் மற்றச் சிறு காசுகளும் இருக்கின்றன. 1964-இல் வந்த அறுகோண மூன்று பைசா, 1965-இலிருந்து வந்த சின்னச் சதுர ஒரு பைசா, 1968-இல் வந்த தாமரை போட்ட பித்தளை நிற இருபது பைசா. இந்தத் தாமரைக் காசைத் தேடி லட்சுமி பூஜைக்கென்று 108 ஆகச் சேர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் சேகரிப்பாளர் அல்லாதவர்களும் அதன் விலையை ஏற்றிவிட்டார்கள். 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. அந்த வரிசை மூடிவிட்டது. இனி புதிதாக ஒன்றும் சேராது. எல்லை தெளிவாக இருக்கும் பாதை வேண்டுமென்றால் இது பொருத்தம்.

ஒரு ரூபாய் மட்டும் என்பது இன்னொரு நல்ல பாதை. 1950-இன் நிக்கல் ரூபாய் 11.66 கிராம். 1962-இல் 10 கிராம். 1975-இல் செம்பு-நிக்கலாக மாறி 8 கிராம். 1983-இல் 6 கிராம். 1992-இல் எஃகாக மாறி 4.85 கிராம். 2011-இன் பூ வடிவம் போட்ட ரூபாய் 4 கிராமுக்கும் குறைவு. நடுவில் 2007-இல் கட்டைவிரல் முத்திரை போட்டது ஒன்று. வகைக்கு ஒன்றாகப் பத்துக் காசை வரிசையாக வைத்தால், பணவீக்கம் பற்றிப் பாடம் நடத்தவே வேண்டாம். உலோகத்தின் விலை ஏற ஏறக் காசு இளைத்த கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

நினைவு நாணயங்களில் தமிழ்நாட்டுத் தொடர்புள்ளவை மட்டும் என்று ஒரு கோடு போடலாம். 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வள்ளுவர் உருவம் போட்டு 1, 2, 5 ரூபாய்க் காசுகள் வந்தன. காமராசர் நூற்றாண்டுக்கு 2003-இல், அண்ணா நூற்றாண்டுக்கு 2009-இல், சி. சுப்பிரமணியம் நூற்றாண்டுக்கு 2010-இல் ஐந்து ரூபாய்க் காசுகள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 தேதியிட்ட ஐந்து ரூபாயும், இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயமும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 2016-இல், எம்.ஜி.ஆருக்கு 2017-இல். கருணாநிதிக்கு 2024 ஆகஸ்டில் நூறு ரூபாய் நாணயம்.

இங்கே ஒரு பிரிவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐந்து, பத்து ரூபாய் நினைவு நாணயங்களில் பல புழக்கத்துக்கு வந்தவை. பேருந்தில் மீதிச் சில்லறையாகவே கிடைத்தன. நூறு, ஆயிரம் ரூபாய் நாணயங்கள் புழக்கத்துக்காக அடிக்கப்படவில்லை. அவற்றை நாணயச்சாலை பெட்டியில் வைத்து, காசில் எழுதியுள்ள மதிப்பைவிடப் பல மடங்குக்கு விற்கிறது. தொடங்குபவர் 'புழக்கத்துக்கு வந்தவை மட்டும்' என்று வைத்துக்கொண்டால் பர்ஸ் பிழைக்கும்.

பத்து ரூபாய்க் காசை நம் ஊர்க் கடைகள் வாங்க மறுத்துக்கொண்டிருந்த காலம் நினைவிருக்கலாம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. ஊரே வேண்டாம் என்று தள்ளிய காசைச் சேகரிப்பாளர்கள் முகமதிப்புக்கே பொறுக்கிக்கொண்டார்கள். அந்தப் பதினான்கும் இன்றும் நல்ல ஒரு முதல் செட்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தமிழ் எழுத்து பொறித்த காசுகள். நாடு, காலம் இரண்டையும் தாண்டிப் போகும் பாதை இது. இலங்கையில் 1870-இலிருந்து வந்த செப்புச் சதக் காசுகளில் நடுவே பனை வகை மரமும் இருபுறமும் சிங்களம், தமிழ் எழுத்துகளும் இருக்கும். அரசர்கள் மாறினாலும் தமிழ் தொடர்ந்தது. 1972-க்குப் பிறகு 'இலங்கை' என்று வந்தது. சிங்கப்பூரில் 1985-இல் தொடங்கிய வரிசையில் நான்கு மொழிகளில் ஒன்றாக 'சிங்கப்பூர்' இருக்கிறது. சென்னை மாகாணக் கம்பெனிக் காசுகளில், கோபுரம் போட்ட வெள்ளி வராகன் பின்னங்களில் தமிழைப் பார்க்கலாம். அவை விலை கூடியவை. அண்ணா காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்து, கருணாநிதி காசில் 'தமிழ் வெல்லும்'. இன்னும் பின்னால் போனால், யாழ்ப்பாண அரசர்களின் நந்தி போட்ட 'சேது' காசு. கடைசியில் தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி' என்று பொறித்த பாண்டியர் செப்புக் காசு. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிக்கொண்டுவந்த சங்க காலக் காசுகளில் புகழ்பெற்றது அது. முதல் பத்துக் காசு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கடைசி ஒன்று வாழ்நாள் முழுக்கக் கிடைக்காமலும் போகலாம். அதுதான் இந்தப் பாதையின் அழகு.

தமிழ் எழுத்து இல்லாவிட்டாலும் தமிழ் மண்ணின் காசுகளில் புதியவருக்கு ஏற்றவை இரண்டு. புதுக்கோட்டை அம்மன் காசு சின்னஞ்சிறிய செப்புக் காசு. ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுத்த காசு அது. இன்னொன்று, கம்பெனி இங்கிலாந்தில் அடித்து மதராஸுக்கு அனுப்பிய 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள். 1803, 1808 ஆண்டுகளில் கிடைக்கும். 1808-ஐ ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து பெருவாரியாகக் காசுகளை எடுத்தார்கள். அதனால் இருநூறு ஆண்டுப் பழைய காசு ஒன்று இன்றும் புதியவர் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. கடலில் கிடந்ததால் மேற்பரப்பு அரித்திருக்கும்; அதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

சோழர், பல்லவர், சங்க காலக் காசுகளில் நேரே இறங்காதீர்கள். ராஜராஜன் பெயரில் நாகரி எழுத்து போட்ட செப்புக் காசு நிறையவே கிடைக்கிறது, போலியும் நிறைய. நல்ல காசு நூறையாவது கையில் எடுத்துப் பார்த்த கண் வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ஓர் அரை நாள் செலவழித்தால் அந்தக் கண் கொஞ்சம் திறக்கும்.

ஒரே வரியில் எழுதுங்கள்

பாதை மனதில் வந்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். 'நயா பைசா, வகைக்கு ஒன்று, தேயாத தரத்தில்.' 'தமிழ் எழுத்துள்ள காசுகள், 1870-க்குப் பின், வகைக்கு ஒன்று.' இந்த அளவுக்குக் குறுக்க முடியவில்லை என்றால் பாதை இன்னும் தெளியவில்லை. 'பிரிட்டிஷ் இந்தியக் காசுகள்' என்பது வரி ஆகாது. அதில் ஒரு ஆயுள் அடங்கும்.

எழுதியதும், இந்தச் செட்டில் மிகக் கடினமான காசு எது என்று தேடுங்கள். உதாரணமாக, ஆறாம் ஜார்ஜ் ரூபாயை ஆண்டுவாரியாகச் சேர்க்கத் தொடங்கினால் எல்லாம் சுலபமாக வந்துகொண்டிருக்கும்; 1939-இல் முட்டிக்கொள்வீர்கள். அது பெயர்பெற்ற அரிய காசு. விலையும் எட்டாது, போலியும் அதிகம். முன்பே தெரிந்தால் '1940 முதல் 1947 வரை' என்று கோட்டைப் போட்டுவிடலாம். அப்படிப் போட்டால் அதற்குள்ளேயே ஒரு கதையும் கிடைக்கும்: 1940-இல் போர்க்கால நெருக்கடியில் வெள்ளி பாதியாகக் குறைந்தது, 1947-இல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது.

பட்டியலும் தரமும்

வேண்டிய காசுகளின் பட்டியலைச் சட்டைப்பையில், அல்லது போனில், எப்போதும் வைத்திருங்கள். பட்டியலில் இல்லாததை வாங்குவதில்லை என்று சத்தியம் செய்யத் தேவையில்லை. மாதச் செலவில் பத்தில் ஒரு பங்கை மனம் போன போக்குக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். மிச்சம் பட்டியலுக்கு.

தரம் என்பது காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான். கடைகளில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், யுஎன்சி என்பார்கள். யுஎன்சி என்றால் புழங்காதது. ராஜா தலையில் முதலில் தேய்வது புருவத்துக்கு மேலே உள்ள முடியும் கிரீடத்தின் மேடான பகுதியும். அசோகச் சிங்கத்தில் நடுச் சிங்கத்தின் மார்பு. அங்கே பாருங்கள், மின்னுகிறதா என்று பார்க்காதீர்கள். துலக்கிய காசும் மின்னும். ஒரே பணத்துக்கு ஐந்து மொக்கைக் காசு கிடைக்கிறதா, நல்லதாக ஒன்று கிடைக்கிறதா என்று வந்தால் ஒன்றை வாங்குங்கள். குறைந்தபட்சத் தரம் இது என்று முதலிலேயே முடிவு செய்தால், செட் முடியும்போது வரிசை பார்க்க ஒழுங்காக இருக்கும்.

எங்கே, யாரிடம்

முதல் இடம் உறவினர் வீட்டு அலமாரி. சாமி உண்டியல், பழைய டிரங்குப் பெட்டி, தையல் மெஷின் டிராயர். பெரியவர்களிடம் 'இருக்கா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள்; ஒரு காசைக் காட்டி 'இதுமாதிரி பார்த்திருக்கீங்களா?' என்று கேட்டால் எடுத்து வருவார்கள். கிடைத்ததை நல்ல விலை கொடுத்தோ மாற்று கொடுத்தோ வாங்குங்கள். உறவுக்குள் காசு விஷயம் பின்னால் பேச்சாகிவிடும்.

இரண்டாவது, கண்காட்சிகளும் சங்கங்களும். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற அமைப்புகள் இருக்கின்றன. பல மாவட்டத் தலைநகரங்களிலும் சேகரிப்பாளர்கள் கூடுகிறார்கள். முதல் கூட்டத்தில் வாங்க வேண்டாம், பாருங்கள். மற்றவர் காசை எடுக்குமுன் கேளுங்கள். எடுத்தால் விளிம்பைப் பிடித்து, மேஜைக்கு மேலேயே, மெத்தென்ற துணியின் மேல் வைத்துப் பாருங்கள். 'சார், நான் நயா பைசா மட்டும் பார்க்கிறேன்' என்று சொல்லும் புதியவருக்கு மூத்தவர்கள் காட்டும் மரியாதையே வேறு. அடுத்த முறை உங்களுக்காக ஒன்றை எடுத்தும் வைத்திருப்பார்கள். பாதை இருப்பதால் வரும் நேரடி லாபம் இது.

புதிதாக வரும் யுஎன்சி செட்டுகளையும், சேகரிப்பாளருக்கென்றே பளபளப்பாக அடிக்கும் புரூஃப் செட்டுகளையும் அரசு நாணயச்சாலைகளின் இணையதளத்திலேயே வாங்கலாம். மற்ற இணைய விற்பனையில், காசின் இரு பக்கப் படமும் எடையும் தராதவரிடம் வாங்காதீர்கள். 1835 முதல் 1945 வரை வெள்ளி ரூபாய் எல்லாமே 11.66 கிராம்தான். தேய்ந்தால் கொஞ்சம் குறையும். பத்தரைக்குக் கீழே போனாலும் சந்தேகம், பன்னிரண்டைத் தொட்டாலும் சந்தேகம்.

லட்சக் கணக்குக் கதைகள்

'இந்த ஒரு ரூபாய் இருந்தால் பத்து லட்சம்' என்ற வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். 1985 'எச்' ரூபாய், வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், 786 எண் நோட்டு என்று மாற்றி மாற்றி வரும். வைஷ்ணவ தேவி காசு சாதாரணமாகக் கிடைக்கும் நினைவு நாணயம். 'எச்' ரூபாய் தேய்ந்த நிலையில் சில்லறை விலைக்கே கிடைக்கும். விற்க முயன்றால் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, கமிஷன் என்று முன்பணம் கேட்பார்கள்; அதுதான் அவர்கள் தொழில். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு ராமர் பட்டாபிஷேகம், அனுமன், தாமரை போட்டு 1616, 1717, 1818 என்று ஆண்டு குறித்த செப்புக் காசுகள் கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும். கம்பெனி அப்படி எதையும் அடிக்கவில்லை. அவை பூஜைப் பொருள் அல்லது கற்பனை வில்லை. அரிசியை இழுக்கும், காந்த சக்தி உண்டு, நாசா வாங்கும் என்ற 'ரைஸ் புல்லிங்' மோசடியும் பெரும்பாலும் இந்த வகைக் காசை வைத்தே நடக்கிறது. லட்சங்களை இழந்தவர்கள் காவல் நிலையம் போன செய்திகள் அடிக்கடி வருகின்றன. அப்படி யாராவது பேசினால், சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கழுவாதீர்கள்

புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை, பித்தளை துலக்கும் பொடி, எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் அதன் மேல்தோல் போய்விடும்; விலையும் பாதிக்கு மேல் போய்விடும். செம்பில் ஏறிய பழுப்பும் வெள்ளியில் ஏறிய கருமையும் அழுக்கல்ல. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

மலிவான பிளாஸ்டிக் ஆல்பங்களில் உள்ள பிவிசி நாளடைவில் காசில் பச்சைப் பிசுக்கை விட்டுவிடும். நடுவில் மைலார் என்ற தெளிந்த தாளால் ஜன்னல் வைத்த அட்டைச் சட்டங்கள் நல்லது. ஸ்டேப்ளர் கம்பி பக்கத்துக் காசைக் கீறாதபடி தட்டிவிடுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

சட்டம் கொஞ்சம்

நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வைத்திருக்கலாம், அனுமதியில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோகவோ தபாலில் அனுப்பவோ கூடாது. வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு விக்டோரியா ரூபாயைப் பரிசாக அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க. மண்ணில் புதைந்து கிடைத்த காசு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் கீழ் வரும். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 'நேற்றுதான் ஆற்றில் எடுத்தது' என்று ஈர மண்ணோடு ஒருவர் நீட்டினால், உண்மையாக இருந்தாலும் சிக்கல், பொய்யாக இருந்தாலும் சிக்கல்.

பாதை மாறினால்

ஓராண்டு போனதும் முதல் பக்கத்து வரியைத் திரும்பப் படியுங்கள். செட்டில் முக்கால்வாசி முடிந்திருந்தும் மனம் வேறு பக்கம் போகிறதென்றால் மாறுவதில் தவறில்லை. ரூபாயில் தொடங்கி, மின்ட் மார்க்கில் நுழைந்து, ஹைதராபாத் நாணயச்சாலைக் காசுகள் மட்டும் என்று போனவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு பாதை என்று தாவினால்தான் பழைய டப்பா திரும்பி வரும். ஒரே நேரத்தில் இரண்டு பாதைக்கு மேல் வைக்காதீர்கள்: ஒன்று மலிவாகவும் வேகமாகவும் நகர்வது, இன்னொன்று ஆண்டுக்கு இரண்டு காசு வந்தாலே போதும் என்ற பொறுமையானது.

பாதையில் இல்லாத காசுகளை விற்றுப் புதியதற்குப் பணமாக்குங்கள். டீலர் திரும்ப வாங்கினால் நீங்கள் கொடுத்த விலையில் பாதி கிடைப்பதே அதிகம். அவருக்குக் கடை வாடகை இருக்கிறது. சங்கத்தில் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நட்டமில்லை. வெள்ளிக் காசுகளை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போகுமுன் மட்டும் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொன்றின் ஆண்டையும் மின்ட் மார்க்கையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். 1911 ரூபாய் அப்படித்தான் பல வீடுகளில் எடைக்குப் போயிருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே வடிவத்தை மாற்றிய காசு அது. உருக்கும் வெள்ளியின் விலையைவிடச் சேகரிப்பாளர் அதற்குக் கூடுதலாகவே கொடுப்பார்.